பத்துக் கோரா, ஆறு கோரா: மகளின் மடிக்கணினிக்கு எது போதும்?

கேள்வி: திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகி
02.06.2025, மாலை 5.10

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கத் தொடங்கவிருக்கும் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். அக்கரைப்பற்றில் ஒரு கடையில் பத்துக் கோர் உள்ள ஒன்றையும், கல்முனையில் இன்னொரு கடையில் ஆறு கோர் உள்ள ஒன்றையும் காட்டினார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "ஆறை விடப் பத்துப் பெரிதுதானே ரீச்சர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று அக்கரைப்பற்றுக் கடைத் தம்பி கேட்கிறார். ஆனால் நான் படிப்பிக்கும் பாடசாலையின் கணினி அறையில் உள்ளவை எல்லாம் நான்கு கோர் என்கிறார்கள். அவை திறப்பதற்குள் பாடவேளையில் பாதி போய்விடுகிறது. உண்மையில் ஒருவருக்கு எத்தனை கோர் தேவை, அண்ணன்?

02.06.2025, இரவு 9.40

பதில்: கோர் என்பது, கணினியின் மூளையான புரொசசருக்குள் இருக்கும் ஒரு முழு வேலையாள். கட்டளையை எடுத்து, விளங்கி, கணக்கைச் செய்து, விடையை வைப்பது வரை எல்லாவற்றையும் அது தனியே செய்யும். பத்துக் கோர் என்றால் ஒரே சில்லில் பத்து வேலையாட்கள். கடைத் தம்பி சொல்வது அவ்வளவில் சரி. அந்தப் பத்துப் பேருக்கும் பிரித்துக் கொடுக்க வேலை இருக்கிறதா என்பதை அவர் பார்க்கவில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் புதிய பாலம் வருவதற்கு முன்னைய காலத்தை நினைத்துப் பாருங்கள். பழைய பாலத்தில் ஒரு திசை நின்றால்தான் மறு திசை நகரும். கல்லடிப் பக்கம் எத்தனை வாகனம் காத்து நின்றாலும் பாலத்தில் அவை ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். மென்பொருளுக்குள்ளும் இப்படி ஒரு பாலம் இருக்கிறது: முந்திய படியின் விடை வந்தால்தான் அடுத்த படியைத் தொடங்க முடியும் என்ற பகுதி. அந்த இடத்தில் ஒரு கோர் ஓட, மற்றவை சும்மா நிற்கும்.

பொறியியல் வரைபட மென்பொருளான ஓட்டோகேட்டில் கோடு வரைவதும் படத்தை நகர்த்துவதும் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலைதான். ஆகவே என் அபிப்பிராயம்: ஆறு கோர் உள்ளதை வாங்குங்கள், மிச்சப்படும் கொஞ்சப் பணத்தை, ஓடும் வேலைகளை வைத்திருக்கும் நினைவகமான ரெம்முக்குப் போடுங்கள்.

02.06.2025, இரவு 10.15

மேலே சொன்னதற்குக் கணக்கும் உண்டு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967 இல் சொன்ன விதி அது. ஒரு கோரில் 60 நிமிடம் எடுக்கும் வேலையில் 45 நிமிடப் பகுதியைப் பிரிக்கலாம், 15 நிமிடப் பகுதியைப் பிரிக்க முடியாது என்று வையுங்கள். இரண்டு கோரில் அது 37.5 நிமிடத்தில் முடியும், நான்கு கோரில் ஏறத்தாழ 26, எட்டுக் கோரில் ஏறத்தாழ 21, பதினாறு கோரில் ஏறத்தாழ 18. ஆயிரம் கோர் கொடுத்தாலும் 15 க்குக் கீழே இறங்காது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது 22 நிமிடத்துக்கு மேல் மிச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குப் போனபோது மூன்று நிமிடம்கூட இல்லை.

03.06.2025, காலை 6.30

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவனைப் போல எழுதிவிட்டேன். பணம் கொடுத்துத்தான் அறிந்துகொண்டேன்.

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துத் தொகுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்பு கொழும்பில் ஒரு கடையில், அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட பெரிய கணினிகளை வைத்திருந்தார்கள். ஒரே பலகையில் இரண்டு புரொசசர், இரண்டும் இன்டெல்லின் சியோன் ஈ5-2650. ஒன்றுக்கு எட்டுக் கோர் வீதம் பதினாறு கோர். புரொசசரின் உழைப்பைக் கட்டங்களாகக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினார்கள். கோருக்கு இரண்டாக முப்பத்திரண்டு சிறு கட்டங்கள், கோலம் போட்டது போல, திரை நிறைய. அதைப் பார்த்தவுடன் எனக்கு மதி மயங்கிவிட்டது. வானில் ஏற்றி மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுக் கட்டங்களைக் காட்டினேன்.

அடுத்த நாள் தொகுப்பு வேலையைத் தொடங்கினால், கமராவிலிருந்து வந்த 4கே காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. நான் வெட்டுவதற்குச் சுட்டியை அழுத்திய இடம் ஒன்று, படம் நிற்கும் இடம் வேறொன்று. முப்பத்திரண்டு கட்டங்களில் சிலதான் அசைந்தன. காரணங்களைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். அந்தப் புரொசசர் 2012 இல் வந்தது; அதன் அடிப்படை வேகம் 2 கிகாஹேர்ட்ஸ், உச்சம் 2.8. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோரும் மெதுவானது. அதோடு, வீடியோவை விரித்துப் படிக்கவென்று இன்டெல்லின் சாதாரண புரொசசர்களில் படச் சில்லோடு சேர்ந்து வரும் குவிக் சிங்க் என்ற தனி உறுப்பு, அந்த வகைச் சியோனில் இல்லவே இல்லை.

கடைசியில் ஐ5-12400 என்ற ஆறு கோர்க் கணினி ஒன்றைப் பொருத்தினேன். அதன் உச்ச வேகம் 4.4, குவிக் சிங்க்கும் உண்டு. காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. பதினாறு கோரை ஆறு கோர் வென்ற கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த மாதத்து மின் பட்டியலைப் பார்த்து மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

05.06.2025, இரவு 8.20

ரீச்சர் இரண்டு மடிக்கணினிகளினதும் மாதிரி எண்களை எழுதி அனுப்பியிருக்கிறார். அதை முதலில் கேட்காமல் "ஆறு கோரை வாங்குங்கள்" என்று நான் எழுதியது அவசரக் குடுக்கைத்தனம். அந்த ஆலோசனையை மீளப் பெறுகிறேன்.

பத்துக் கோர் என்பது இன்டெல் ஐ5-1235யூ. அதில் பத்துப் பேரும் ஒரே தரத்தவர் அல்லர். இரண்டு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர். பெரியவை 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை ஓடும். சிறியவை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து 3.3 வரை. பெரிதும் சிறிதும் கலக்கும் இந்த முறையைக் கைப்பேசிகள் முன்பே கண்டுவிட்டன: கைப்பேசிச் சில்லுகளை வடிவமைக்கும் ஏ.ஆர்.எம் நிறுவனம் 2011 இல் அறிமுகப்படுத்தியது. இன்டெல் தன் பிரதான வரிசைக்கு 2021 இல்தான் கொண்டுவந்தது.

ஆறு கோர் என்பது, இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டியின் ரைசன் 5 5500யூ. அதில் ஆறும் ஒரே தரம், 4 கிகாஹேர்ட்ஸ் வரை. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதற்கு அடுத்த எண்ணான 5600யூ புதிய சென் 3 வடிவமைப்பு; 5500யூ பழைய சென் 2. ஒரே ஐயாயிரம் வரிசை, உள்ளே இரண்டு தலைமுறை.

ஒற்றைக் கோரில் ஓடும் ஓட்டோகேட்டுக்கு இன்டெல்லின் அந்தப் பெரிய கோர் தெளிவாகவே வேகமானது. ஆகவே அக்கரைப்பற்றில் பார்த்த பத்துக் கோரையே வாங்கலாம். கடைத் தம்பி சொன்ன விடை சரி, காரணம்தான் பிழை. பத்து என்பதற்காக அன்று, அந்தப் பத்தில் இரண்டு நல்லவை என்பதற்காக வாங்குங்கள்.

வாங்கும்போது ரெம் எத்தனை, பின்னர் கூட்ட இடம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். 8 ஜி.பி.யைப் பலகையோடு ஒட்டிவிட்டு வேறு துளை வைக்காத மாதிரிகளும் உண்டு. பொறியியல் படிப்புக்கு 16 வேண்டும்.

05.06.2025, இரவு 8.55

"இரண்டிலும் டாஸ்க் மனேஜர் பன்னிரண்டு என்று காட்டுகிறதே, அப்படியானால் இரண்டும் ஒன்றா?" என்று ரீச்சர் கேட்கிறார். அங்கே காட்டுவது கோர்களை அன்று, இழைகளை, அதாவது கோர்கள் கையில் வைத்திருக்கக்கூடிய வேலை வரிசைகளை. (விவாதத்துக்கும் இழை, புரொசசருக்கும் இழை, தமிழ்நாட்டார் புரொசசருக்கும் கைப்பேசி அப்புக்கும் "செயலி" என்று ஒரே சொல்லை வைத்திருப்பதை விட இது பரவாயில்லை.) ரைசனில் ஒவ்வொரு கோரும் இரண்டு இழைகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும், ஆறு இரண்டாகப் பன்னிரண்டு. இன்டெல்லில் பெரிய கோர் மட்டுமே இரண்டு இழை. இரண்டு கோருக்கு நான்கு, சிறியவை எட்டு, ஆகப் பன்னிரண்டு.

இழை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது. ஒரு வேலை நினைவகத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் அதே கோர் மற்ற வேலையைக் கொஞ்சம் பார்க்கும், அவ்வளவே. இன்டெல் 2002 இல் இதை விற்கத் தொடங்கி, 2024 இல் வந்த சில வரிசைகளில் தானே எடுத்தும் விட்டது.

06.06.2025, காலை 7.05

ஒன்று விடுபட்டது. கோர் என்றால் என்ன என்பதே வழக்கு மன்றம் வரை போன விடயம். ஏ.எம்.டி 2011 இல் எஃப்எக்ஸ் வரிசையில் எட்டுக் கோர் என்று விற்ற புரொசசரில் உள்ளே இருந்தவை நான்கு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் முழு எண் கணக்குக்கு இரண்டு பகுதிகள் இருந்தாலும், தசமக் கணக்குக்குரிய அலகு இரண்டுக்கும் பொது. இரண்டு குடும்பத்துக்கு ஒரே குசினி என்று வையுங்கள். அது எட்டுக் கோரா, நான்கா என்று அமெரிக்காவில் வழக்குத் தொடுத்து, 2019 இல் 12.1 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்டார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நம்பியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல்.

08.06.2025, மாலை 4.00

பாடசாலைக் கணினிகளைப் போய்ப் பார்த்தேன். ஐ5-3470; நான்கு கோர், நான்கு இழை, 2012 ஆம் ஆண்டுச் சரக்கு. கோரில் குறையே இல்லை. ஒன்றைத் திறந்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரின் செயற்பாட்டுப் பக்கத்தைப் பார்த்தோம். புரொசசர் பத்து வீதத்தைத் தாண்டவில்லை. வன்தட்டு மட்டும் நூறு வீதத்தில் சுவரைப் போல் நின்றது. ரெம் 4 ஜி.பி., அதில் எதுவும் மிச்சம் இல்லை. காதை வைத்தால் வன்தட்டின் ஊசி கறகறவென்று அலையும் சத்தம் கேட்கிறது. அங்கே வேலையாட்கள் நால்வரும் களஞ்சியத் திறப்பு வரும்வரை திண்ணையில் குந்தியிருக்கிறார்கள். வன்தட்டுக்குப் பதிலாக ஊசியில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி ஒன்றும் இன்னொரு 4 ஜி.பி. ரெம்மும் போட்டால் அந்தக் கணினிகள் எழுந்து நடக்கும். கோரை மாற்றி ஒன்றும் ஆகாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். நான்கு இழைப் புரொசசரில் ஒரு மென்பொருள் 25 வீதத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், அது ஒரு கோரை முழுதாகத் தின்று முடித்துவிட்டது, மற்ற மூன்றைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்கிறது என்று பொருள். இதே மென்பொருளைப் பன்னிரண்டு இழையில் போட்டால் எட்டு வீதம் என்று காட்டும். செங்கலடியில் நெல் ஆலைக் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், புதுக் கணினி எட்டு வீதம்தான் உழைக்கிறது, சோம்பேறிக் கணினியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அவருடைய மக்ரோ, அதாவது கணக்கைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுதி, ஒற்றை இழையில் ஓடுவது. அதற்கு இருந்த ஒரே பாதையில் அது முழு வேகத்தில்தான் ஓடியது.

வரைபின் மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி ஒவ்வொரு இழைக்கும் தனிக் கட்டம் காட்டச் சொன்னால், ஒரு கட்டம் மட்டும் நிரம்பி நிற்பதைக் காணலாம்.

09.06.2025, காலை 6.10

கடைசி வரி தவறு. ஒரு கட்டம் நிரம்பி நிற்கும் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். இன்று காலை பரீட்சித்தபோது அப்படி நிற்கவில்லை. விண்டோஸ் அந்த ஒற்றை இழையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று கட்டங்களில் அரைகுறை மேடுகள்தான் தெரியும். மொத்த வீதத்தைப் பாருங்கள், கட்டங்களை நம்பாதீர்கள். விண்டோஸ் 10 இலும் 2025 க்கு முந்திய விண்டோஸ் 11 இலும் கோர் தன் அடிப்படை வேகத்தை மீறி ஓடும்போது மொத்த வீதமும் சற்றுக் கூடக் காட்டும். எட்டுக்குப் பதில் பன்னிரண்டு தெரிந்தால் பதற வேண்டாம்.

14.06.2025, இரவு 9.30

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் என் பாலத்தைத் தகர்த்துவிட்டார். "அண்ணன், பிரிக்க முடியாத வேலைக்குப் பாலம் பொருத்தமான உவமை அல்ல. பாலத்தில் எல்லா வாகனங்களும் போகத்தான் வேண்டும்; நெரிசல்தான் பிரச்சினை. அது எல்லாக் கோர்களும் ஒரே ரெம்மைத் தேடி ஓடும் பாதைக்கு உவமை" என்கிறார். அவர் சொல்வதே சரி. நான் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டேன்.

பிரிக்க முடியாத வேலைக்கு வேறோர் உவமை சொல்கிறேன். வேளாண்மை வெட்டப் பத்துப் பேரைக் கூட்டினால் ஒரு நாளில் வெட்டி முடிக்கலாம். ஆனால் விதைத்த நெல் விளைய எடுக்கும் மூன்றரை மாதத்தை, போடியார் நூறு பேரைக் கூட்டினாலும் குறைக்க முடியாது.

பாலத்தை அவர் சொன்ன இடத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒற்றை ரெம் பலகை போட்ட கணினியில் பாதை ஒன்று; இரண்டு பலகை போட்டால் பாதை இரண்டு. 16 ஜி.பி.யை ஒன்றாக வாங்காமல் 8, 8 ஆக வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான். கோர் கூடக் கூட இந்தப் பாதையின் அகலம் முக்கியமாகிறது.

15.06.2025, மாலை 6.45

அதே தம்பி கேட்கிறார்: ஒரு கோரையே வேகமாகச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு?

செய்து பார்த்தார்கள், சூடு விடவில்லை. உயர்தரப் பௌதிகவியல் படித்தவருக்கு இது எளிது: சில்லு செலவழிக்கும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் மீடிறனுக்கும் (கிகாஹேர்ட்ஸில் சொல்லும் வேகத்துக்கும்) ஏற்பக் கூடும். ஐபிஎம்மில் இருந்த ரொபர்ட் டெனார்ட் 1974 இல் காட்டியபடி, சில்லில் உள்ள நுண் ஆளியான திரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போதெல்லாம் வோல்ற்றளவையும் குறைக்க முடிந்தது. ஆகவே சூடு கூடாமல் மீடிறனை உயர்த்தினார்கள். 2005 ஐ அண்டி அந்த வசதி முடிந்தது. திரான்சிஸ்டர் மிகச் சிறிதானபோது, அணைத்து வைத்தாலும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. வோல்ற்றளவை அதற்கு மேல் இறக்க முடியவில்லை. இன்டெல் 2004 இல் 3.8 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 ஐ வெளியிட்டது, அதே ஆண்டில் 4 கிகாஹேர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. 2005 இல் இன்டெல்லும் ஏ.எம்.டியும் இரட்டைக் கோருக்கு இறங்கின. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்காக 2001 இலேயே அதைச் செய்திருந்தது.

2024 இல் இன்டெல் விற்ற மிக வேகமான புரொசசரின் உச்சம் 6.2. இருபது ஆண்டில் 3.8 இலிருந்து 6.2. மீடிறன் ஏறாமல் நின்றுவிட்டதால்தான் திரான்சிஸ்டர்களைக் கொண்டு கோர்களைப் பெருக்கினார்கள். நமக்குக் கோர் தேவைப்பட்டது ஒரு பங்கு, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது மூன்று பங்கு.

21.07.2025, பிற்பகல் 2.30

ரீச்சரின் மகள் மடிக்கணினியை வாங்கிவிட்டார். ஆனால் பிற்பகலில் மட்டும் மெதுவாகிறதாம், இரவில் நன்றாக ஓடுகிறதாம். எங்கே வைத்துப் பாவிக்கிறார் என்று கேட்டேன். கட்டிலில், மெத்தையின் மேல்.

கச்சான் காற்று வீசும் இந்த ஆடியில், ஓட்டுக்குக் கீழே, மெத்தை காற்று வழியை மூடினால் எந்தக் கோரும் தாக்குப்பிடிக்காது. அந்தப் புரொசசர் 100 பாகையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே இறக்கும். அதன் அடிப்படை வலு 15 வாற்று. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 55 வரை ஏறும். கடையில் குளிரூட்டியின் கீழே ஐந்து நிமிடம் பார்த்தது அந்த 55 ஐ. வீட்டில் ஒரு மணி நேரம் மெட்லாப் என்ற கணிப்பு மென்பொருள் ஓடும்போது கிடைப்பது 15 ஐ ஒட்டியதுதான். பலகை மேசையில் வைத்து, பின்புறத்தை ஒரு கொப்பி உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னேன்.

21.07.2025, இரவு 9.00

சரியாகிவிட்டதாம். கொப்பி போதவில்லை, பழைய வினாத்தாள் தொகுதி ஒன்றை வைத்தார்களாம்.

18.10.2025, காலை 7.30

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 14 ஆம் திகதியோடு முடிந்ததால் பாடசாலைக் கணினி அறையைப் பற்றி மறுபடியும் பேச்சு. எஸ்.எஸ்.டியும் ரெம்மும் போட்ட பிறகு அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் விண்டோஸ் 11 ஏற்காது. இதில்தான் வேடிக்கை. அது கேட்பது குறைந்தது இரண்டு கோர். இவற்றில் நான்கு இருக்கின்றன. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை அது பட்டியலில் சேர்க்கவில்லை. இவை மூன்றாம் தலைமுறை. அதே வேளை செலரோன் என்4020 என்ற இரட்டைக் கோர், இவற்றில் பாதி வேலையும் செய்யமாட்டாதது, பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு பைதனும் இணையமும்தான் தேவை என்பதால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவோம் என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான்கு கோர், 8 ஜி.பி. ரெம், எஸ்.எஸ்.டி: தட்டச்சு, இணையம், உயர்தரப் படிப்பு, கொமியூனிகேஷன் கடை எல்லாவற்றுக்கும் இது போதும். படம், வீடியோ, பொறியியல் என்றால் ஆறு முதல் எட்டு, அதுவும் ஒவ்வொன்றும் வேகமானதாக. அதற்கு மேல் கேட்பவர், தன் வேலை எங்கே பிரிகிறது என்று எனக்குக் காட்டிவிட்டு வாங்கட்டும்.

30.11.2025, இரவு 11.50

பதினாறு கோர்க் கிழவனைப் பற்றி 03.06 இல் எழுதியதற்கு ஒரு திருத்தம்.

தொழில் தொடங்கிய காலத்துக் கலியாணங்கள் எல்லாம் மினிடிவி நாடாவில் இருக்கின்றன. பூஞ்சணம் பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று மழைக்கு முன்பே தொடங்கினேன். ஒரு மணி நேர நாடா 13 ஜி.பி. வரை வரும், அதைச் சுருக்க வேண்டும். ஒரு கோப்பைக் கொடுத்தால் கிழவன் பழையபடியே நாலைந்து கட்டங்களை மட்டும் அசைத்தான். 720 க்கு 576 அளவுச் சிறிய படத்தை அதற்கு மேல் துண்டுபோட இடமில்லை. பிறகுதான் புத்தி வந்தது: ஒரு கலியாணத்துக்கும் இன்னொரு கலியாணத்துக்கும் என்ன தொடர்பு? எட்டுக் கோப்புகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஓடவிட்டேன்.

முப்பத்திரண்டு கட்டங்களும் மேல் விளிம்பைத் தொட்டன. வாங்கிய நாளிலிருந்து இதை நான் கண்டதில்லை. ஆறு கோர்க் கணினியில் நாளைய கலியாணத்தின் வேலை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே மாரி மழை. கிழவனின் விசிறிச் சத்தம் அதற்கு மேல் கேட்கிறது. எட்டில் மூன்று முடிந்துவிட்டன. மின் பட்டியல் அடுத்த மாதம் வரும்.